கிணற்றுக் கயிறு

“நீங்க என்ன ஆளுக?” என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். எங்கள் இரண்டு சாதிகளின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் சொன்னதே போதும். என் ஆட்களுக்கு ஊரில் மேலிடம், என்னைக் கட்டியவருடைய ஆட்களுக்குக் கீழிடம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் தோவாளைக்காரி. அவருக்கு நாகர்கோவிலில் ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிற வேலை. சுதந்திரம் வந்து இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். அன்றைக்கே அப்பா எனக்குத் தலை முழுகிவிட்டார்.

முதலில் பிடித்த வீட்டில் இரண்டு வாரம் இருந்தோம். விஷயம் தெரிந்த பிறகு வீட்டுக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் குடத்தோடு கிணற்றுக்குப் போனால் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. கழற்றி உள்ளே வைத்துவிட்டார். ரொம்ப மரியாதைப்பட்ட மனிதர், வாயால் போகச் சொல்ல மாட்டாராம்! தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்? மத்தியானத்துக்குள் சாமானைக் கட்டினோம். இரண்டாவது வீட்டிலும் இதே கூத்துதான். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் கிணற்றில் கயிறு கிடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஆறு மாதம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறுவார்கள். எனக்கு அந்த வாசல் அடைத்துவிட்டது. இந்த வீடும் போனால் பிள்ளையை எங்கே வைத்துப் பெறுவது என்ற கவலையில் அவர் பாதி இளைத்துப்போனார். வீட்டுக்காரி ஒரு வேதக்கார விதவை, கிறிஸ்தவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்க லேஸ் பின்னிக்கொண்டிருப்பாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீடு கேட்கப் போனபோது அவரிடம்தான் பேசினாள், நான் கூடப் போகவில்லை.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் கிணற்றடியில் நான் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி யார் கேட்டாலும் அவரை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். அவருடைய சாதியைச் சொல்லி, நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆட்கள்தான் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

“ஏட்டி, நாம ரெண்டுவேரும் உன் சாதின்னுல்லா நான் அக்காட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உங்களை நீங்களே எதற்கு இல்லையென்று சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “என்னால ஒன்னய ஒருத்தரும் குறைச்சுப் பேசப்பிடாது பாத்துக்கோ. அதான்.” அதற்கு மேல் நான் என்ன சண்டை போட? பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் அச்சு மை. இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கிணற்றில் கயிறு இல்லை. வாளியும் இல்லை.

அவரிடம் வந்து சொன்னேன். அவர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் பானைகளைச் சாக்கில் போட்டேன். பிள்ளைக்கென்று கிழித்து வைத்திருந்த பழந்துணிகளை மடிக்கும்போதுதான் எனக்குக் கை ஓடவில்லை.

அப்போது அக்கா வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, இரண்டிலும் தண்ணீர். சேலை பாதி நனைந்திருந்தது. கட்டி வைத்த சாமானைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“எங்க போறியோ?”

கயிற்றைக் காணோம் என்று நான்தான் முனகினேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. முந்தின இரண்டு வீட்டுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

“கயித்த நாந்தான் எடுத்து உள்ள வச்சேன். ஏழு மாசத்துல தண்ணி கோரப்பிடாது மக்கா. சொன்னா நீ கேக்கமாட்டேன்னுதான் எடுத்தேன். இனி நான் கோரித் தாறேன், கேட்டியா.”

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டுவேரும் சேந்து ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல. இதுல பிள்ள வேற பெத்து வளக்கப் போறாவ. சாக்க அவுருங்கோ.”

அவர் சாக்கை அவிழ்க்கக் குனிந்தார். முடிச்சு கண்ணுக்குத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தது. தோவாளையிலிருந்து அம்மா வரவில்லை. வருவாள் வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நாற்பத்தோரு நாளும் என்னைக் குளிப்பாட்ட அக்காவே தண்ணீர் கோரி, சுட வைத்து, ஊற்றினாள். அதுவரை கயிற்றை என் கையில் தரவே இல்லை.