செவலை தேடிய அத்தர்

இங்கே ஓமான் நாட்டு நிஸ்வாவில், ஆள் வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்துவிடுகிறது. விடிகாலையில் பேரீச்சந்தோட்டத்தில் குனிந்து வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருப்பேன். முதுகுப் பக்கம் சந்தனமும் புகையும் கலந்து வீசும். திரும்பாமலே “சலாம், அர்பாப்” என்பேன். அர்பாப் என்றால் முதலாளி. அவருடைய நீண்ட வெள்ளை அங்கியில், கழுத்தருகே ஒரு சின்னக் குஞ்சம் தொங்கும். அத்தர் தோய்ப்பதற்கென்றே அது. அவர் தம்பிக்கு வேறு அத்தர், மகனுக்கு வேறு. நம் ஊரில் ஆளை நடையை வைத்துச் சொல்வோமே, அது போலத்தான்.

வந்த புதிதில் ஒரு நாள், “துமாரா இத்தர் கோன்சா?” என்று கேட்டார். உன் அத்தர் எது என்று அர்த்தம். என் மேல் வேர்வை நாறுகிறது என்பதைத்தான் நாசூக்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். தொட்டிக்கு ஓடி, சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் குளித்தேன். சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் புறங்கையில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார். ஒன்றில் முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு வெட்டிவேர், கடைசியில் லேசாகக் கருகிய மரம். கையை மூக்கிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. “யே தும் ஹோ” என்றார் அர்பாப். இது நீதான். ஐந்தாவது வரை படித்தவன் நான். கூட்டம் என்றால் பின்னால் போய் நிற்கிறவன். எதையும் காட்டி, இது நீ என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் என் மனைவி செல்வி வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு. லீவு வாங்கிக்கொண்டு சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஓடினேன். செவலைப் பசுவை அவள் ஒருத்திதான் கறப்பாள். வேறு கை பட்டால் ஆகாது. நான் போய்ச் சேரும் வரை ஒற்றைக் கையால் பாதிப் பால்தான் கறக்க முடிந்ததாம். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். மறுநாள் காலை குளித்து, காதோரம் அர்பாப் வாங்கித் தந்த அத்தரைத் தடவி, வாளியோடு உட்கார்ந்தேன். ஒரே உதை. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“இன்னாங்க, பொண்ணு பாக்கவா போறீங்க? மாடு மெரளுது. கழுவிக்கினு வாங்க” என்றாள் செல்வி.

“கழுவ மாட்டேன்” என்றேன். எனக்கே ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை.

கொடியில் கிடந்த தன் புடவையை இழுத்து என்மேல் போட்டாள். “அப்போ என் பொடவய சுத்திக்கினு கறங்க.”

கறக்கிற கை மாறினால் எங்கள் பக்கம் அப்படித்தான், பழகியவரின் துணியைக் கட்டி மாட்டை ஏமாற்றுவோம். கட்டிக்கொண்டேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு வேலு. “இன்னா மாமா, அக்கா பொடவ உனுக்கு எடுப்பா கீது! பூ வாங்கியாரட்டா?”

செவலை புடவையை மோந்தது. என் கழுத்தையும் மோந்தது. யோசித்தது. பிறகு பாலை இறக்கியது. செல்வி மாவுக்கட்டைத் தூணில் தட்டித் தட்டிச் சிரித்தாள். சில நாளில் புடவை தேவைப்படவில்லை, அத்தரே போதும் என்றாகிவிட்டது.

கட்டுப் பிரித்த பிறகு நிஸ்வாவுக்குத் திரும்பி வந்தேன். ஒரு வாரத்தில் செல்வியிடமிருந்து போன்.

“செவல என்னயே ஒதைக்குதுங்க! உங்க வாசன தேடுது. நீங்க உட்டுட்டுப் போன லுங்கிய சுத்திக்கினாத்தான் எறக்குது. என்னப் பாத்து வேலு கேக்குறான், இன்னா மாமா எப்ப வந்தன்னு. லுங்கில வாசன கம்மியாய்க்கினே வருது. ஒரு பாட்டில் குடுத்தனுப்புங்க.”

“மாட்டுக்கா?”

“மாட்டுக்குத்தான்” என்றாள். அந்தச் சிரிப்பு மாட்டுக்கானதில்லை.

ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அதைத் தடவிக்கொண்டுதான் செல்வி கறக்கிறாள். இப்போது விடிகாலையில் நானும் அதே அத்தரைத் தடவிக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்குகிறேன். இங்கே வெளுக்கும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். அதற்குள் அடிவாரத்தில் நான் மாடு கறந்து முடித்திருப்பேன்.