மதியக்கா கடையைச் சுற்றி வந்தவர்கள்

மதிவதனி அக்காவுக்கு இந்த ஒரு வருடத்தில் பத்து வயது கூடிவிட்டது. எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான் தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? காலையில் பூட்டைத் திறந்ததும் உள்ளே போகமாட்டார். அந்தப் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொள்வார்.

பெரிய கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வெகுகாலமாக அவருடைய புத்தகக் கடை. கணவர் போன பிறகு மகளைப் படிக்க வைத்தது அதை நம்பித்தான். கட்டடம் அப்பா விட்டுப்போனது; பாதி அக்காவுக்கு, பாதி தம்பி இளவரசனுக்கு. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் அந்த மனிதர் வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"எவன்க்கா இப்ப புக்கு படிக்கிறான்? இடிச்சிட்டு லாட்ஜ் கட்டிடலாம். பௌர்ணமின்னா ரூமுக்கு அடிச்சிக்கறானுங்க."

கடைசியில் ஒரு கெடு வைத்தார். கார்த்திகை தீபத்துக்குள் கடையில் ஜனம் நடமாட வேண்டும். இல்லாவிட்டால் லாட்ஜ்.

சென்னையில் கட்டடக் கலை படித்த மகள் கவிநிலா, கடையைத் தானே மாற்றித் தருவதாக வந்து இறங்கினாள். சிமெண்ட் பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினாள். இடித்த வீடுகளின் மரக்கதவுகளை வாங்கி அலமாரி செய்தாள். ஏசி கிடையாது, ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மங்கலான வெளிச்சம். நடுவில் வட்டமாக ஓர் உயரமான அலமாரி, அதைச் சுற்றி குளுகுளு செம்மண் தரையில் ஒரே வழி.

"உள்ள வர்றவங்க வெயில, ஹாரன் சத்தத்த எல்லாம் மறந்துடணும்மா. புக்குங்களுக்கு நடுவுல தொலைஞ்சு போயிடணும்" என்றாள்.

"தொலையட்டும். ஒண்ணு வாங்கிட்டுத் தொலையட்டும்" என்றார் அக்கா.

குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் மலையைச் சுற்றியே பழகிய ஊர் இது. அரையிருட்டு, வெட்டிவேர் வாசனை, நடுவில் ஏதோ ஒன்று, அதைச் சுற்றி வர ஒரு வழி. இத்தனையையும் ஓரிடத்தில் வைத்தால் எங்கள் ஜனம் என்ன செய்யும்? இங்கேயே பிறந்த அவளுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை.

திறந்த வாரமே ஆரம்பித்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வலமாகச் சுற்றினார்கள். நடு அலமாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார்கள். "எடுத்துப் பாருங்க, பிரிச்சுப் படிங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அக்கா கெஞ்சாத குறை. அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மா, "வாணாங்க, சாமி எடத்துல இருக்கறத எடுக்கக் கூடாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். 'இது புத்தகக் கடை' என்று பலகை எழுதி மாட்டினார் அக்கா. அதற்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

வழக்கமாக வந்து நின்று படிக்கிறவர்கள் செருப்புக் குவியலைப் பார்த்து, ஏதோ பூஜை நடக்கிறது என்று திரும்பிப் போனார்கள். எனக்கே எரிச்சலாக வந்தது.

"நடுவுல இருக்கறத எடுத்துட வேண்டியதுதானக்கா?"

"அதுக்குள்ளதாம்பா தூணு இருக்கு. எடுத்தா கூரை என் தலையில விழும்."

ஐப்பசிப் பௌர்ணமியன்று இளவரசன் வந்தார். தெருமுனை வரை வரிசை நின்றிருந்தது. நடு அலமாரிக்கு யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரு புத்தகம்கூட விற்காமல், அக்கா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவரும் செருப்பைக் கழற்றி, ஒரு சுற்று வந்து, கும்பிட்டுவிட்டு அக்காவிடம் வந்தார்.

"லாட்ஜெல்லாம் வாணாம்க்கா. நீ சொன்னதுதான் கரெக்டு, எவ்ளோ ஜனம் பாரு. எடம் உனக்கே இருக்கட்டும். புக்கு இவ்ளோ ஜாஸ்தி எதுக்கு, கொஞ்சம் கம்மி பண்ணிட்டு நடுவுல ஒரு வேல் நட்டுடு. உண்டியல் ஒண்ணு வெச்சா போதும்."

அக்கா ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கவிநிலாகூட அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள். அக்கா அண்ணாந்து தம்பியைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி.

"லாட்ஜே கட்டிக்கடா."

"என்னாக்கா சொல்ற?"

"ரூம் போடறவன் எவனாவது ஒருத்தன் பையில ஒரு புக்கு வெச்சிருப்பான். தூக்கம் வரலன்னா எடுத்துப் படிப்பான். இங்க எவனும் தொடக்கூட மாட்டேங்கறான்டா."

உள்ளே இருந்தவர்கள் சுற்றி முடிக்கும்வரை அக்கா பொறுமையாக நின்றார். பிறகு கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினார். வரிசையில் முதலாவதாக நின்ற பெண், செருப்பைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"நட சாத்திட்டீங்களாம்மா?"

"சாத்தியாச்சும்மா" என்றார் அக்கா. "பார்த்துப் போங்க."