வலது கண்ணுக்கு ஒரு மல்லிகை மாலை

வலது கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமை. "பார்வை மெல்ல மெல்லத் திரும்பும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ அந்தக் கண்ணில் வெறும் பனிமூட்டம். மற்றக் கண் சின்ன வயதிலிருந்தே அரைகுறை. "தெளிவாத் தெரியுதோ?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் "ஓம், ஓம்" என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பனிமூட்டம் நிலைத்துவிடும் என்று பயம்.

ஒரு ஞாயிறு காலை, "நோத்ர் தாம் கோயிலுக்குப் போவம். மாதாவுக்கு நேத்தி, மாலை போடவேணும்" என்றாள். நாங்கள் சைவம். ஆனால் ஊரில் மடு மாதாவிடம் போகாத சைவர் யார்? லாஷப்பல் தமிழ்க் கடையில் மல்லிகை மாலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, கார் து நோர் ஸ்டேசனில் மெட்ரோ ஏறினோம்.

கோயில் வாசல் வரிசையில் நின்ற நேரமெல்லாம் நான் புறுபுறுத்தேன். வராத பார்வைக்கு நன்றி சொல்லப் போகிறோமே, பிள்ளை பிறக்குமுன்னே பெயர் வைக்கிற கதையாக! அந்த ஆத்திரத்தை வரிசையின் மேல் கொட்டினேன்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு கல்லையும் அவ்வளவு உயரத்துக்கு ஏற்றி, பாரமே இல்லாததுபோல நிறுத்தியிருந்தார்கள். பக்கச் சுவரில் தேர்ச்சில்லுப் போல வட்டமாக ஒரு கண்ணாடி யன்னல்.

மாதா சிலைக்கு முன்னாலிருந்த கம்பியில் அவள் மாலையைக் கட்டிவிட்டுக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பொய் மாதாவரைக்கும் வந்துவிட்டதே. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு யன்னலை நிமிர்ந்து பார்த்தேன். பனிமூட்டம்தான். கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு நீலம். நீலத்தின் ஓரத்தில் சிவப்பு, புள்ளி புள்ளியாக. கையை எடுக்கப் பயந்து அப்படியே நின்றேன். அந்தக் கண்ணாடியை வெட்டியவர்களையும் என் கண்ணை வெட்டித் தைத்தவரையும் சேர்த்துக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

"இஞ்சேரும், நிறம் தெரியுது" என்றேன். "வலது கண்ணாலை. இப்பதான். இவ்வளவு நாளும் பொய்தான் சொன்னனான்."

"தெரியும்" என்றாள். "தேத்தண்ணிக் கோப்பையை நீங்கள் தடவித் தடவி எடுக்கிறதை நான் பாக்கேல்லையே?"

"பேந்தென்னத்துக்கு நன்றி சொல்ல வந்தனீர்?"

"நன்றியெண்டு ஆர் சொன்னது? கேக்கத்தான் வந்தனான்."

அப்படியென்றால் நன்றி சொல்வது என் வேலை. தொடங்கினேன். முதலில் அவளுக்கு.