இந்த ஆண்டு கவனிக்க வேண்டியவர்கள்

வெற்றிலைக் கட்டு ஒன்று ஐந்து மாடி உயரத்துக்குப் பறந்துபோய், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, உள்ளே நின்ற பர்மிய அம்மாளின் இரண்டு கைகளுக்குள் போய் விழுந்தது. அதை எறிந்தவன் என் தம்பி. யாங்கோன் நகரத்துப் பபேடானில் எங்கள் தெருக் கட்டடங்களுக்கு லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தரை வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் கிளிப் இருக்கும். பேப்பர், பூண்டு, மருந்துச் சீட்டு எது வந்தாலும் கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். என் தம்பிக்கு அந்தக் கயிறு பிடிக்காது. "வருது!" என்று பர்மிய மொழியில் ஒரு குரல் கொடுப்பான், தலையை நீட்டுவதற்குள் சாமான் வந்து சேர்ந்திருக்கும். தெருவில் எல்லோரும் அவனைத் திட்டிக்கொண்டே அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். ஐந்தாம் மாடி அம்மாள், தன் கயிற்றை அவிழ்த்துத் துணி காயப்போடக் கட்டிவிட்டார்.

அப்பா இரும்புச் சாமான் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்பவர். அம்மா தெருமுனையில் சாயங்கால வேளைகளில் வடையும் சமோசாவும் போட்டு விற்பாள். நான் ஜப்பானிய மொழி படித்துவிட்டு, ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் பேஸ்பால் என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லை. அதை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தவர், ஜப்பானில் பல ஆண்டுகள் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, யாங்கோனின் ஓரத்தில் ஒரு மேடுபள்ளமான திடலில் பையன்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த ஒரு பர்மியர். ஸயா என்போம், ஆசிரியர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. எங்கள் தெருவில் தேநீர் குடிக்க வந்தவர், ஒரு பூண்டு மூட்டை நாலாம் மாடிக்குப் போவதைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றே அப்பாவின் கடைக்குப் போய் நின்று, "உங்கள் மகனை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். அப்பா பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல விழித்ததாகக் கடைக்காரர்கள் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள்.

தம்பிக்கு இருபது நிறைவதற்குள் ஜப்பானில் ஒரு சிறிய தொழில்முறை அணி அவனை எடுத்துக்கொண்டது. பெரிய நகரத்து அணி அல்ல. தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊரின் அணி. தொலைக்காட்சியில் வராத, ஆனால் ஆடுவதற்குச் சம்பளம் தருகிற ஆட்டம். அந்த ஊர்ச் செய்தித்தாளில் ஒவ்வோர் ஆண்டும் போட்டிகள் தொடங்குவதற்கு முன் ஒரு முழுப் பக்கம் வருமாம். எந்த அணி முதலில் வரும், எது கடைசியில் கிடக்கும், இந்த ஆண்டு கவனிக்க வேண்டிய இளைஞர்கள் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை எழுதும் நிருபர் எங்களையும் தேடிப்பிடித்தார். வீட்டுக்கு வீடியோவில் அழைத்து, எனக்கு மரியாதையாகத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். சின்ன வயதில் தம்பி எப்படி இருந்தான் என்று அவர் கேட்க, நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். "சோறு திங்க மாட்டான், அதச் சொல்லு" என்றாள் அம்மா. நான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பக்கம் வந்ததும் நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். இவன் கை இன்னும் பழுக்கவில்லை, மூன்று ஆட்டப் பருவம் பொறுத்திருங்கள், பிறகு இவன் பந்து எறியும் நாளில் இந்த ஊரில் கடைகளைச் சாத்திவிட்டு வருவார்கள் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். அம்மா உடனே எழுந்துபோய் மிளகாய் எடுத்துவந்து செல்போனில் இருந்த தம்பியின் படத்துக்குச் சுற்றிப்போட்டாள். அப்பா, "ரேடியோவுல மழை வரும்னு சொல்றான்ல, அந்த மாதிரிதான்" என்றார். ஆனால் மறுநாள் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அவன் ஆடிய அந்த ஒரே பருவம் எனக்கு முழுவதும் குரலாகத்தான் நினைவிருக்கிறது. சொற்களுக்காக என்னை அழைப்பான். பச்சை முட்டையைச் சோற்றில் உடைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று முகம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று கேட்பான். ஒருநாள், "அக்கா, தோள் வலிக்குதுன்னு எப்புடிச் சொல்லணும்?" என்றான். சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழைத்து, "வலிக்கலன்னு எப்புடிச் சொல்லணும்?" என்றான். இரண்டில் எதைச் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் அவன் எறிந்தவை எதிரில் பந்து பிடிக்கும் கேட்சருக்கு எட்டாமல் அங்குமிங்கும் போயின. பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். "கைய விட்டுப் போனதும் பந்து யாரு பேச்சையும் கேக்க மாட்டேங்குது அக்கா" என்றான். அழுகிறானோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

பருவத்தின் கடைசியில் பந்து அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மின்சாரம் இருந்த ஒரு நல்ல வேளையில், நாங்கள் மூவரும் ஒரு செல்போனைச் சாமி மாடத்தில் சாய்த்துவைத்து அவன் ஆட்டத்தைப் பார்த்தோம். வெள்ளைச் சட்டையில், நடுவில் மண் குவித்த மேட்டின்மேல், கடல் காற்றில் தொப்பியை அழுத்திக்கொண்டு நின்றான். எறிவதற்கு முன் அவன் உதடு அசைந்தது. "வருது" என்றுதான் சொல்லியிருப்பான். மட்டை பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காற்றை அடித்துவிட்டுத் தலை குனிந்து திரும்பினார்கள். சனங்கள் எழுந்து கைதட்டினார்கள்.

"எதுக்கு எல்லாரும் கைதட்டுறாங்க?" என்றாள் அம்மா.

"நம்ம தம்பி பந்த அந்த ஆளால அடிக்க முடியலம்மா. அவன் அவுட்டு."

அம்மா தனகா மரச்சாந்து பூசிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தலை குனிந்து போகும் அந்த ஜப்பானியப் பையனையே பார்த்தாள். "பாவம், அவன் ஆத்தாளும் பாத்துக்கிட்டுத்தான இருப்பா" என்றாள்.

பருவம் முடிந்ததும் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தம்பி வந்தான். அடுத்த பருவத்துக்குத் திரும்பிப் போவதற்குள்தான் இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. அவன் வயதுப் பையன்கள் தெருவில் தனியாக நடப்பது குறைந்தது. தேநீர்க் கடைகளில் பெண்களும் வயதானவர்களும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் விசா இருந்தது, டிக்கெட் இருந்தது, அணி அனுப்பிய கடிதமும் இருந்தது. விமான நிலையத்துக்கு நானும் கூடவே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வரிசையில் நின்றதையும், கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டதையும், அந்த இன்னொருவர் தலையை இடமும் வலமும் ஆட்டியதையும் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "இந்த வயசு ஆம்பளைங்க வேலைக்குப் போக முடியாதாம் அக்கா" என்றான். டாக்ஸியில் வரும்போது வழி முழுவதும் வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். குளிரடிக்கிறவர்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். அன்று நல்ல வெயில்.

அந்த ஆண்டின் முன்னோட்டப் பக்கத்தில் நிருபர் அவனுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்: மியன்மார் இளைஞன் வரும்வரை அணி அவன் இடத்தை யாருக்கும் தராது. அதை நான் அவனிடம் வாசித்தபோது, "அவரு நல்லவரு" என்று மட்டும் சொன்னான்.

அப்பா அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில் பானை செய்யும் ஒரு பழைய நண்பரின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே பேஸ்பால் பந்து ஏது? ஈரக் களிமண்ணை உருட்டி, சூளைச் சுவரில் அடையாளம் போட்டு, நாளெல்லாம் எறிந்துகொண்டிருந்தானாம். நண்பரின் மனைவி போனில் என்னிடம் செல்லமாகப் புகார் சொன்னாள்: "ஒங்க தம்பி ஒரே எடத்துல அடிச்சு அடிச்சு எங்க சொவத்துல ஒரு மூக்கே வளந்துருச்சும்மா." ஸயா வாராவாரம் யாரிடமாவது சொல்லியனுப்புவார், கையை ஆறவிடாதே என்று.

பிறகு படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தம்பியின் பெயர் வந்தது. வார்டு அலுவலகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஊரில் இல்லை என்றோம். சில நாள் கழித்து அப்பாவை வார்டு அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. மகன் வராவிட்டால் நாளைக்கும் வர வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலைப் படகிலேயே தம்பி வந்துவிட்டான். முழங்கை வரைக்கும் களிமண் காய்ந்து வெளுத்திருந்தது.

அப்பா அவனை அடிக்கக் கை ஓங்கினார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அவனை அடித்ததில்லை. "எதுக்குடா வந்த? நான் கெழவன், என்னைய வச்சு என்ன பண்ணிருவாங்க? திரும்பிப் போடா!"

"நான் போனா மறுபடியும் நீங்கதான் அந்தப் பெஞ்சுல உக்காரணும். எத்தன நாளைக்கு உக்காருவீங்கப்பா?" என்றான் தம்பி. பிறகு அம்மாவைப் பார்த்து, "பசிக்குதும்மா" என்றான். சோறு திங்கமாட்டான் என்று ஜப்பான்காரருக்கே சொல்லியனுப்பிய அம்மா, அன்று அவன் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, அப்பாவோடு வார்டு அலுவலகத்துக்கு நடந்தே போனான்.

பயிற்சி முகாமிலிருந்து எப்போதாவது அழைப்பான். ஒருமுறை அவன் குரல் மாறியிருந்தது. "அக்கா, இங்க கையெறி குண்டு எறியச் சொல்லித் தர்றாங்க. பொம்மக் குண்டுதான். நான் எறிஞ்சத பாத்துட்டு எல்லாரும் கைதட்டிட்டாங்க. இவ்வளவு தூரம் யாருமே எறிஞ்சதில்லையாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுலருந்து கிட்டத்துலயே விழுற மாதிரி எறியுறேன். தோள் வலிக்குதுன்னு சொல்லிட்டேன்" என்றான். மேட்டில் நின்றபோது ஒருநாளும் சொல்லாததை அங்கே போய்ச் சொல்லியிருக்கிறான். அது பொய்யா, உண்மையாகவே வலித்ததா என்று நான் கேட்பதற்குள் வேறு யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள். அவன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

மழைக்காலம் முடிந்த சமயம், கக்கத்தில் கட்டை ஊன்றிய ஒரு பர்மிய இளைஞன் அம்மாவின் வடைச் சட்டிக்கு முன்னால் வந்து நின்றான். காலில் அடிபட்டுப் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றான். தம்பியும் அவனும் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள். சாலையில் புதைத்திருந்த வெடி. தம்பி உட்கார்ந்திருந்த பக்கம்தான் முழுவதும் போயிற்று என்றான். வலிக்க நேரமே இருந்திருக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உடல் என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு அவன் சொன்னது முழுவதும் புரிந்தது. என்னைவிட அவளுக்குப் பர்மிய மொழி நன்றாக வரும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "புள்ள ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்கு. சாப்புட்டுப் போகச் சொல்லு" என்றாள். சட்டியில் இருந்த வடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். ஒன்றையும் கருகவிடவில்லை.

அரசாங்கத்திடமிருந்து எங்களுக்கு ஒரு காகிதமும் வரவில்லை. அப்பா காரியம் செய்துவிடலாம் என்று கோயில் ஐயரிடம் பேசிவிட்டு வந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேனா? பாக்காம எப்புடி எம்புள்ளைக்கு எள்ளுந்தண்ணியும் விடுவீங்க?" என்றாள். ஸயா ஒருநாள் வந்து, வெகுநேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அப்பா கடையிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். அம்மா எப்போதும்போலச் சாயங்காலமானால் அடுப்பு பற்றவைக்கிறாள். ஒரே வீட்டில், ஒருவருக்குப் பிள்ளை இறந்துவிட்டான்; ஒருவருக்கு இன்னும் வரவில்லை. இருவருக்கும் நடுவில் நான் என்ன பேசினாலும் ஒருவருக்குத் துரோகம் செய்வதாகிறது.

இந்த ஆண்டு, ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன், நிருபர் அழைத்தார். காலை நேரம், அம்மா என் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்னோட்டம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மூன்றாவது பருவம் இது, உங்கள் தம்பி இந்த ஆண்டாவது வந்துவிடுவாரா என்று கேட்டார். ஜப்பானிய மொழியில் சாவைப் பற்றிப் பணிவாகச் சொல்ல ஒரு முறை உண்டு. வகுப்பில் எத்தனையோ பெண்களுக்கு நான் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், அங்கே முதியவர்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் என்பதால். அந்த முறையிலேயே சொன்னேன்.

"யாரு?" என்றாள் அம்மா.

"பேப்பர்காரரும்மா. ஜப்பான்லருந்து."

"என்ன கேக்குறாரு?"

"தம்பி இந்த வருசம் ஆடுவானான்னு கேக்குறாரு."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஆடுவான்னு எழுதச் சொல்லு" என்றாள்.

நான் அதை அவரிடம் அம்மாவின் வார்த்தையாகவே சொன்னேன். அவர், "அம்மா சொன்னதை அப்படியே எழுதலாமா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

போன வாரம் பக்கம் வந்தது. எந்த அணி முதலில் வரும் என்று இருந்தது. கவனிக்க வேண்டிய இளைஞர்கள் என்று எனக்கு முன்பின் தெரியாத பெயர்கள் இருந்தன. பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள். ஒருவன் மீனவர் மகன், ஒருவன் முழங்கையில் அறுவை முடிந்து திரும்பியிருப்பவன். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு வரிகள் இருந்தன. நம் அணிக்காக ஒரு பருவம் பந்து எறிந்த மியன்மார் இளைஞன் போரில் மறைந்தான். அவன் இந்த ஆண்டு ஆடுவான் என்கிறார் அவன் தாய்.

அம்மாவுக்கு எல்லாப் பெயர்களையும் வாசித்தேன். கடைசியில் இரண்டாவது வரியை மட்டும் வாசித்தேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு செல்போன் இருந்த பக்கம் திரும்பி, "ஆட்டம் எப்ப ஆரம்பிக்குது?" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமம்மா" என்றேன்.