கல் உப்பும் பழுப்பு வயரும்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வாகனப் பரிசோதனை நிலையத்தின் ஈரமான சிமெண்டுத் தரையில் நின்று தன் காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ரத்மிலா. இடது ஹெட்லைட் எதிர்ச் சுவரில் வெள்ளையாக அடித்தது. வலது ஹெட்லைட் ஆறிப்போன தேநீர் நிறத்தில் தன் கண்ணாடியைத் தாண்டவே மாட்டேன் என்றது.

"பாஸ் ஆகாதுக்கா," என்றான் பரிசோதகன், படிவத்தில் குறுக்குக் கோடு போட்டபடி. "சரி பண்ணிட்டு திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாங்க. அன்னைக்கோட வண்டிப் பதிவு முடியுது, மறந்துடாதீங்க."

அவளா மறப்பாள்? டொப்லிட்சா ஆற்றோரம் இருக்கும் கார் வயர்க்கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் அவளும், அவளது மலைக்கிராமத்துப் பெண்கள் மூவரும் இரண்டாவது ஷிப்ட் பார்க்கிறார்கள். கம்பெனிப் பேருந்து அடிவாரத்துப் பாலத்தோடு திரும்பிவிடும். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் வளைவுச் சாலை, ஓநாய்க்கும் பனிக்கும் சொந்தமானது. பேருந்தை மேலே அனுப்பச் சொல்லி அவர்கள் மூன்று மனு கொடுத்தாயிற்று. "மேலே ஆட்கள் போதாது" என்று பதில் வந்தது. ஆனால் மூன்று முறை தாமதமானால் வேலை போய்விடும் என்ற விதிக்கு மட்டும் மேலே இருக்கிற நால்வரும் ஆட்கள்தான். நால்வருக்குமே இரண்டு தாமதம் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஆக, திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நால்வரையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நான்கு குடும்பங்கள் குளிர்காலத்தை வேலையில்லாமல் தொடங்கும்.

பக்கத்திலேயே மியோட்ராகின் பட்டறை. அவர் பானெட்டைத் திறந்தார், சிகரெட்டை வாயில் வைத்தபடியே இரண்டு வயரை ஆட்டினார், மூடினார்.

"வயர்க்கட்டு முழுசும் போச்சும்மா. புதுசு வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும். உன் ஒரு மாசச் சம்பளம் காலி."

"எதை வெச்சு சோதிச்சீங்க மாஸ்டர்? நான் பாக்கலையே."

"முப்பது வருஷமா இதே வேலை. கண்ணால பாத்தாலே தெரியும்." அவர் பட்டறையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் பொம்பளைங்க பலகைல கட்டுற சமாச்சாரம்தானே? ஊர் வம்பு பேசிக்கிட்டே கட்டினா இப்படித்தான் இருக்கும்."

பட்டறை சிரித்தது.

"இந்த முன்பக்கக் கட்டுல எத்தனை வயர் இருக்கு மாஸ்டர்?"

"அதை எவன் எண்ணினான்?"

"நான் எண்ணியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

பதினோரு ஆண்டுகளாக எண்ணுகிறாள். ஆள் உயரப் பலகை, அதில் ஆணிகள், ஆணிகளுக்கிடையே அவள் விரல்கள் ஓடும். பின்னால் ஒருவன் விநாடி எண்ணும் கடிகாரத்தோடு நிற்பான். கழிப்பறைக்குப் போக கை தூக்க வேண்டும், ஐம்பது வயதிலும். வெளியே வரும்போது பைகளைக் கொட்டிச் சோதிப்பார்கள், ஒரு துண்டு வயர் இருந்தால் திருட்டு. அந்தக் கைகள் கட்டிய நரம்புகளோடு எங்கெங்கோ பளபளக்கும் கார்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் ஓட்டியதில்லை. அவளுடைய பழைய காரின் கட்டும் வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ பெண்கள், இதேபோல் ஒருவன் முதுகுக்குப் பின்னால் நிற்க, கட்டியதுதான். மியோட்ராக் கேலி செய்தது அவர்களையும் சேர்த்துத்தான்.

அவள் சின்ன வயதிலேயே மின்சாரம் படிக்க ஆசைப்பட்டவள். தொழிற்பள்ளியில் அப்பா அண்ணனைச் சேர்த்தார். அவன் இரண்டே வருடத்தில் ஓடிவந்து லாரிக்குப் போனான். அவன் அட்டை பிரிக்காத பாடப் புத்தகங்களை ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே இவள் படித்து முடித்தாள். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் காரை நிறுத்தி, பானெட்டுக்கு முட்டுக் கொடுத்தாள். கணவன் ஸ்ரேத்தென் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறவன். வாசற்படியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தான்.

"பேட்டரில கை வெச்சு கருகிப் போயிடாத."

"பன்னெண்டு வோல்ட்டுல யாரும் கருகினது இல்லய்யா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசினவங்கதான் அவமானத்துல கருகுவாங்க."

"காலங்காத்தாலேயே ஆரம்பிச்சுட்டியா!" என்று அவன் கோப்பைக்குள் சிரித்தான்.

முதலில் பல்பு. வலது பல்பைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினாள். பளிச்சென்று எரிந்தது. ஆக, பல்பு குற்றவாளி இல்லை. ஃபியூஸும் நன்றாகவே இருந்தது. பிறகு அவளுடைய கருவியை எடுத்தாள். பழைய பிரேக் லைட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு நீள வயர்கள், அவ்வளவுதான். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, மறு முனையால் ஹெட்லைட் சாக்கெட்டில் மின்சாரம் வரும் ஊசியைத் தொட்டாள். சோதனைப் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தது.

"வர வேண்டியது ஒழுங்கா வருதே," என்றாள் தனக்குள்.

"அப்புறம் என்ன? சரியாப் போச்சுல்ல?"

"போறது மட்டும் போதுமாய்யா? திரும்பி வர வேணாமா?"

அவள் படித்த முதல் பாடமே அதுதான். பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் விளக்கைத் தாண்டி மறுபடி பேட்டரிக்கே வந்தாக வேண்டும். திரும்பும் வழி பாதி அடைபட்டால் விளக்கும் பாதிதான் எரியும். இன்னொரு தடயமும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. சில வாரங்களாக வலது இண்டிகேட்டரைப் போட்டால் வலது ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தது. இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி, அந்தப் பழுப்பு நிற எர்த் வயர்.

சோதனைப் பல்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, மறு முனையால் சாக்கெட்டின் எர்த் ஊசியைத் தொட்டாள். பல்பு மங்கலாய்ச் சிவந்தது, அணையப் போகும் கங்கு மாதிரி.

ஹெட்லைட்டை மறுபடி மாட்டி எரியவிட்டாள். தனி வயர் ஒன்றை எடுத்து, எர்த் ஊசிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நேரே பிடித்தாள். வலது ஹெட்லைட் கோழிக்கூட்டின் மேல் பாய்ந்தது. கோழிகள் கலைந்து ஓடின. ஸ்ரேத்தென் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"அடி சக்கை!"

"வயர்க்கட்டு போயிடுச்சாம். முழுசும் போயிடுச்சாம்!" சந்தோஷத்தைவிட அவள் குரலில் கோபம் அதிகமாக இருந்தது. "ஒரே ஒரு வயரு. அதுவும் ஒரு முனை."

பழுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே விரல் போனது. பேட்டரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத சந்தில் இறங்கியது. அவள் பேட்டரியை, நெகட்டிவை முதலில் கழற்றி, வெளியே தூக்கினாள். சந்துக்குள், அந்த வயரைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் போல்ட் இருந்தது. போல்ட் என்று சொல்வதற்கில்லை, பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த ஒரு மொட்டு. அதற்கு நேர் மேலே, வயர்க்கட்டில் சிவப்பு நூலால் கட்டப்பட்டு, கோலிக்குண்டு அளவில் ஒரு துணி முடிச்சு தொங்கியது. ஈரமாக இருந்தது. அவள் அதை அவிழ்த்தாள். உள்ளே கரைந்தது போக மிச்சமிருந்த கல் உப்பும், கறுத்துப்போன ஒரு பூண்டுப் பல்லும்.

அந்த நேரம் பார்த்து யாவோர்கா படலைத் திறந்துகொண்டு வந்தாள். காரில் முன் இருக்கைக்காரி, பலகையில் ரத்மிலாவுக்குப் பக்கத்து இடத்துக்காரி. கையில் சீஸ் அடுக்கிச் சுட்ட ஜிபானிட்சா, மூடிய துணி வழியே ஆவி வந்தது.

"அக்கா, வண்டி ஆயிடுச்சா? எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல…" ரத்மிலாவின் உள்ளங்கையைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள்.

"இது யாரு வேலை?"

யாவோர்காவின் முகம் கழுத்து வரை சிவந்தது. "போன வசந்தத்துல பாலத்துக்கிட்ட சறுக்கினோம்ல, அப்ப… எல்லாரும் நம்ம காரைப் பத்தியே பேசுறாங்கக்கா. கண்ணேறு பட்டுடுமேன்னு நான்தான் கட்டினேன். பேட்டரிக்குப் பின்னால வெச்சா நீ பாக்க மாட்டேன்னு நெனச்சேன். பாத்தா நீ திட்டுவ."

"திட்டத்தான் போறேன்."

"திட்டுக்கா."

ரத்மிலா திட்ட வாயெடுத்தாள், முடியவில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மழைத் தண்ணீர் இந்த முடிச்சின் வழியே சொட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர், இரும்பு, செம்பு, ஓடும் மின்சாரம். எந்தப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இதில் எந்தப் பிசாசுக்கும் பங்கில்லை. ஆனால் பயந்தவளைத் திட்டி என்ன லாபம்? பேருந்தை மேலே அனுப்பாதவர்களைப் பார்த்து யாரும் கத்துவதில்லை. சறுக்கும் சாலையில் தினமும் போய்வரச் செய்துவிட்டு, பயத்துக்கு ஒரு கை உப்பை விட்டுவைத்திருக்கிறார்கள்.

"உலகத்துல இருக்கிற எல்லாக் கண்ணும் சேர்ந்தாலும் இந்த போல்ட்டை இப்படி அரிச்சிருக்காது யாவோர்கா. உன் உப்பு ஏழே மாசத்துல முடிச்சுடுச்சு."

"அப்ப கண்ணு காருல விழாம உப்பு மேல விழுந்திருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் யாவோர்கா, ஆர்வத்தோடு.

ஸ்ரேத்தென் வெடித்துச் சிரித்தான். ரத்மிலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஜிபானிட்சாவை வெச்சுட்டு வந்து இந்த வயரைப் பிடி. என்ன நடந்திருக்குன்னு நீயே பாரு."

வயர் முனையை வெட்டினாள், உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் வெட்டினாள். மூன்றாவது வெட்டில் செம்பு ரோஜா நிறத்தில் மின்னியது. ஆனால் போல்ட்டில் மாட்ட ஒரு வளையத் தலை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. தினமும் ஆயிரம் வளையத் தலைகளை அழுத்துகிற கைகளுக்கு, வீட்டில் ஒன்றுகூட இல்லை. பையைக் கொட்டிச் சோதிக்கிற காவலாளியை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"செம்புதானே வேணும்?" ஸ்ரேத்தென் கொட்டகைக்குள் போனான். பிளம் சாராயம் காய்ச்சும் கொப்பரைக்குப் போன வருடம் குழாய் மாற்றியபோது மிஞ்சிய, விரல் நீளச் செம்புக் குழாயோடு வந்தான்.

ரத்மிலாவுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, துளை போட்டாள். மறு முனைக்குள் வயரைச் செருகி நசுக்கி, ஈயம் ஊற்றினாள். கம்பி பிரஷ்ஷால் காரின் உடல் தகட்டைப் பளபளக்கும் வரை தேய்த்து, புது போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசினாள். பேட்டரி உட்கார்ந்தது. நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது.

"போடு," என்றாள்.

யாவோர்கா சுவிட்சைத் திருப்பினாள். வைக்கோல் கொட்டகைச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் ஒரே பிரகாசத்தோடு, ஒரே உயரத்தில் நின்றன. இண்டிகேட்டரைப் போட்டார்கள். வட்டம் அசையவில்லை. யாவோர்கா காரிலிருந்து குதித்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவர் கன்னத்திலும் கிரீஸ்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு பரிசோதகன் வெளிச்சம் அளக்கும் கருவியை முதலில் இடது விளக்குக்கு முன்னால் உருட்டினான், பிறகு வலதுக்கு. மறுபடி வலதுக்கே வந்தான்.

"இது இடதைவிட நல்லா இருக்கேக்கா! யாரு பண்ணினது?"

"ஊர் வம்பு பேசுறவங்க."

முத்திரை விழுந்தது. அவள் நேரே பட்டறைக்குள் போய், பச்சை பூத்த பழைய முனையை மியோட்ராகின் மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

"எர்த்தா?" என்றார் கடைசியில்.

"எர்த்துதான் மாஸ்டர். கட்டு நல்லா இருக்கு. நல்லாக் கட்டியிருக்காங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பேட்டரிக்குப் பின்னால நான் பாக்கல," என்றார், தரையைப் பார்த்து.

"கண்ணால பாத்தாலே தெரியும்னீங்களே!"

மதியம் ஒன்று நாற்பதுக்கு நான்கு பெண்களும் தொழிற்சாலை வாசலில் இறங்கினார்கள். காவலாளி அவர்கள் அட்டைகளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், ஏமாந்துபோன முகத்தோடு வழிவிட்டான். யாவோர்கா மட்டும் காரருகே தயங்கி நின்றாள்.

"அக்கா, இப்ப வண்டில ஒண்ணுமே இல்லாம வெறிச்சுன்னு இருக்கு. எதையாவது கட்டலாம்ல?"

ரத்மிலா கோட்டுப் பையிலிருந்து பிரேக் லைட் பல்பை, அதன் இரண்டு வயர்களோடு, எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"பின்னால பாக்குற கண்ணாடில இதைக் கட்டு. ஞாயித்துக்கிழமை வா, எப்படிப் பிடிக்கணும்னு காட்டுறேன்."