விரலுக்கு வந்த பரீட்சை

செவ்வந்திக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு பட்டப்பேர் வைத்திருப்பார்கள். சைக்கிளும் அவளுடையது இல்லை. மகள் ஷாலினி பதினொன்றாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. ஷாலினி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அது கோழிகளுக்கு மாடி வீடாக நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு இருட்டு பிரிவதற்குள் செவ்வந்தி கோழிகளை விரட்டி, சீட்டைத் துடைத்து, சைக்கிளை வெளியே தள்ளினாள். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி கேரியரில் ஏறிக்கொண்டாள். வீட்டில் சொன்னது காட்டூருக்கு நடவு வேலைக்கு என்று. போனது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

"பஸ்ஸுல போயிருந்தா தூங்கிக்கினே போயிருக்கலாம்," என்றாள் ரோஸ்மேரி.

"பஸ்ஸு பூரா நம்ம ஊரு மீன் கூடைங்கதான். நாம எறங்கறதுக்குள்ள சேதி ஏரிக்கு அந்தாண்ட போயிடும்."

சேதி இதுதான். செவ்வந்தியின் வலது கை மரத்துப் போய்க்கொண்டிருந்தது. முதலில் சுண்டுவிரல், அப்புறம் அதற்குப் பக்கத்து விரல், இப்போது பாதி உள்ளங்கை.

வேறு வேலை என்றால் சமாளிக்கலாம். இவர்கள் செய்வது எறா தடவுவது, வெறும் கையால் இறால் பிடிப்பது. படகு கிடையாது, வலை கிடையாது. ஏரித் தண்ணீரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தபடியே நகர்வார்கள். பிடித்ததைப் போடுகிற பறி, அந்த ஓலைக்கூடை, கயிற்றோடு பல்லில் தொங்கும். ரெண்டு கையும் சேற்றில் இருக்கும். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் பார்க்கணும். வரிசையில் ஒருத்தி கை ஏமாந்தால் அந்த ஓட்டை வழியாக எல்லாருடைய எறாவும் போய்விடும். ஓட்டை விடுகிறவளை யாரும் திட்ட மாட்டார்கள். மறுநாள் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் நண்டு கவ்வியதுகூடத் தெரியாமல் செவ்வந்தி தடவிக்கொண்டே போனாள். அடுத்து உட்கார்ந்திருந்த ரோஸ்மேரிதான் ரத்தத்தைப் பார்த்து நண்டைப் பிய்த்துப் போட்டாள். ரெண்டு பேர் வாயிலும் பறி இருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை.

திருப்பாலைவனம் வந்தது. வயல் வந்தது, வயல் போனது. கொக்கு நின்றது. வழக்கமாக இந்த ரோட்டில் செவ்வந்தி எதையாவது பார்த்து எதையாவது சொல்வாள். அன்றைக்கு ஒன்றும் அவள்மேல் ஒட்டவில்லை. பயமாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

பொன்னேரிக்கு முன்னால் ஒரு எருமை வந்தது.

"பிரேக் புடிடி!"

"புடிச்சிக்கினுதான் கீறேன்!"

பிடிக்கவில்லை. விரல்கள் பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா காற்றில் மடங்கியிருந்தன. எருமைக்கு அறிவு இருந்ததால் தள்ளி நின்றது. இருவரும் மண்மேட்டில் சாய்ந்தார்கள். ரோஸ்மேரி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பின்னாடி உக்காரு. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி போனா போதும்."

அதற்கப்புறம் ரோஸ்மேரிதான் மிதித்தாள். மீஞ்சூர் தாண்டியதும் லாரிப் புழுதி. எங்கே ஊர் முடிந்து எங்கே பட்டணம் ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. வீடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன, ஹாரன் சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இறங்கித் தள்ளினார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பதை நிறுத்தப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சட்டையில் வித்யா என்று பேர் குத்தியிருந்தது. "கண்ண மூடிக்கோங்க. நான் தொட்டா ஆமான்னு சொல்லுங்க," என்று தூண்டில் கயிறு மாதிரி மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்தாள்.

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் செவ்வந்தி. கேள்வி என்று ஒன்று வந்தால் சரியாகச் சொல்லிவிடணும் என்ற வெறி அப்போதே தொற்றிக்கொண்டது. நாற்காலி கிறீச்சென்றது. "ஆமா," என்றாள். டாக்டர் மூச்சை அடக்கினாள். "ஆமா." சட்டைக் கை உரசியது. "ஆமா."

"உணர்ச்சி நல்லாத்தானே இருக்கு," என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதினாள்.

செவ்வந்தி வெளியே வந்து, "பாஸு," என்றாள்.

ரோஸ்மேரி டீ வாங்கி வந்திருந்தாள். தன் கிளாஸைச் சூடு தாங்காமல் முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். செவ்வந்தி வெறும் வலது கையால் வாங்கி, மரத்த பக்கத்தில் சாவகாசமாக ஏந்திக்கொண்டு நின்றாள். ரோஸ்மேரி சிவக்கிற உள்ளங்கையைப் பார்த்தாள். கிளாஸைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"எப்பிடிடி பாஸானே?"

"அந்தம்மா தொடறப்ப மூச்ச அடக்கிக்குது. அத்த வெச்சி சொன்னேன்."

"டாக்டர்கிட்டயே டபாய்ச்சிட்டியா? எருமகிட்ட தப்பிச்சி வந்தது இதுக்குத்தானா?" ரோஸ்மேரி தன் கிளாஸையும் கீழே வைத்தாள். "நாளைக்கு வரிசையில யாருடி மூச்ச அடக்குவா? எறாவா?"

செவ்வந்தி டீயைக் குடிக்கவில்லை. திரும்பி உள்ளே போனாள். வாசலில் நின்ற ஆள், "அதான் பாத்தாச்சேம்மா," என்றான். அவனைத் தாண்டிப் போனாள்.

"டாக்டரம்மா, நான் பொய் சொன்னேன். காதுல பஞ்சு வெச்சிட்டு மறுக்கா தொடுங்க."

டாக்டர் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. பஞ்சு வைத்தாள், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னாள்.

செவ்வந்தி கண்ணை மூடிக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டமாக இருக்கிறதே, வேறு யாரையாவது பார்க்கப் போய்விட்டாளோ என்று நினைத்தாள்.

"ஆரம்பிங்கம்மா."

கண்ணைத் திறந்து திரும்பினாள். டாக்டர் நைலான் நரம்பை எப்போதோ மேஜையில் வைத்துவிட்டு, அவள் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள்.

முழங்கையை அமுக்கிப் பார்த்து, உள்ளே நரம்பு வீங்கியிருக்கிறது என்றாள் டாக்டர். மருந்து இருக்கிறது, இன்னும் கெடாமல் நிறுத்திவிடலாம், போன உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, காயம் மட்டும் படவே கூடாது. செவ்வந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழணுமா என்று யோசித்தாள். வரவில்லை.

வெளியே வந்து ரோஸ்மேரியிடம் அப்படியே ஒப்பித்தாள். ரோஸ்மேரி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினாள்.

"நாளைலேர்ந்து கைக்கு ரப்பர் உறை மாட்டு. நான் ஒன் வலது பக்கம் ஒட்டி உக்காந்துக்கறேன். ஓட்டையில வர்றது எம் பறிக்கு."

"அப்ப என் எறா ஒனக்கா?"

"பின்ன? பெட்ரோல் ஊத்தியா ஒன்ன இட்டாந்தேன்? மிதிச்சேன்டி. ஏறு."

செவ்வந்தி கேரியரில் ஏறி, இடது கையால் ரோஸ்மேரியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.