கண்ணாடியில் வைத்த பொட்டு

என் மூத்த பேரன் மெர்சிங்கில் வாத்தியார். அடுத்தவள் சிங்கப்பூரில் நர்ஸ். கடைக்குட்டி சுதா, தம்போயில் கார்களின் பெயிண்ட் மேல் வண்ண வினைல் தாள் ஒட்டும் பட்டறையைச் சொந்தமாகவே திறந்துவிட்டாள்!

முதலில் தன் காருக்குத்தான் ஒட்டினாள். பளபளப்பே இல்லாத மேட் கருப்பு. அதைப் பார்த்துத்தான் நாலு பேர் அவளிடம் வேலை கொடுப்பார்கள்.

இன்று கோயிலில் அந்த வண்டிக்குப் பூசை. குருக்கள் சந்தனத்தோடு பானெட் பக்கம் வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"சாமி, பொட்டை முன்கண்ணாடியில வைங்க. வினைல்ல காஞ்சா கறை பிடிச்சுக்கும்."

என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அலமாக், அண்ணி! சாமி காரியத்துல இதெல்லாமா பாக்குறது? அப்புறம் வேக்ஸ் போட்டுத் தேச்சா போயிடும் லா!"

"தேச்சா அந்த இடம் மட்டும் மினுங்கும். இதுக்கு சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும்தான். புள்ள பொழப்பு இது, நான் நகர மாட்டேன்."

குருக்கள் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பூசைக்கு முன் எடுத்த படத்தை நாத்தனார் இங்கே நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'பொட்டில்லாத வண்டி' என்று எழுதியிருக்கிறார்.

பொட்டு வைத்த பிறகு யாராவது படம் எடுத்திருந்தால் உடனே போடுங்கள். நான் குறுக்கே நிற்பது அதில் தெரிந்தாலும் பரவாயில்லை.